வரிசை எண் பன்னிரண்டு

பள்ளத்தூரில் எங்கள் வீட்டை
இதுவரை அறுபத்து மூன்று படங்களுக்கு விட்டிருக்கிறேன்.
கோடு போட்ட நோட்டில் எல்லாம் இருக்கிறது:
தேதி, முன்பணம், ஜெனரேட்டர் நிறுத்திய இடம்,
உடைந்த ஆத்தங்குடிக் கல் எத்தனை,
ஆணி அடித்த தூணுக்குப் பிடித்தம் எவ்வளவு.

ஒரே வருஷத்தில் வளவில் ஏழு கல்யாணம்.
ஏழு தாலியும் சாயங்காலம் தகர டப்பாவுக்குத் திரும்பின.
இரண்டாங்கட்டில் பதினொரு கொலை.
முகப்பில் நின்று ஒரு நாயகன் பேசிய வசனத்துக்கு
காரைக்குடித் தியேட்டரில் சில்லறை பறந்ததாம்.
என்ன வசனமென்று இப்போது
அவருக்கே ஞாபகம் இருக்காது.

வரிசை எண் பன்னிரண்டு
பதினோரு நாள் எடுத்தார்கள்.
பாக்கி நாலாயிரம் இன்னும் வரவில்லை.
வெள்ளி தொடங்கிப் புதன் வரை ஓடியது.
புதன் ராத்திரி ஆட்டத்தில்
நானும் நாத்தனார் உமையாளும்
முறுக்கு விற்கிறவரும்.

அதில் ஒரு காட்சி.
தபால்தலை ஒட்டாத கடிதம் வருகிறது.
இரட்டைக் கட்டணம் கட்டினால்தான் கைக்குக் கிடைக்கும்.
அவள் அஞ்சறைப்பெட்டியைத் துழாவுகிறாள்,
சாமி மாடத்தில் தேடுகிறாள்,
கொடியில் தொங்கும் சட்டைப் பையில் கைவிட்டு
விட்ட கையை வெறுமனே எடுக்கிறாள்.
எட்டணா குறைகிறது.
தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வெயிலைப் பார்க்கிறார்.
பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம்.
அவ்வளவுதான்.

கொடுத்தாரா இல்லையா, காட்டவில்லை.
இசையும் இல்லை. காசு தீர்ந்துபோச்சு என்றார்
லைட்மேன் காஜா மைதீன்.
தபால்காரராக வரவேண்டிய நடிகர் பஸ்ஸை விட்டுவிட்டதால்
புதுவயல் அரிசி ஆலையில் எடை போடும் வயிரவனைக்
கையோடு கூட்டிவந்தார்கள்.
வசனம் மறந்து அவர் நின்ற நிற்பைத்தான்
வெயிலைப் பார்த்தார் என்கிறோம்.

அப்புறம் டிவியில் வந்தது,
ஞாயிறு மத்தியானம், சோப்பு விளம்பரங்களுக்கு நடுவில்.
அப்புறம் இன்னொரு சேனலில்.
அப்புறம் போனில், மூன்று நிமிஷத் துண்டாக.

முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு.
கடிதத்தில் என்ன இருக்குமென்று தூக்கம் வரவில்லை.
இவர் மலேசியா போய்ப் பணம் அனுப்பாத வருஷம்
சட்டைப் பையிலிருந்து வெளியே வந்த
அந்தக் கையை மட்டும் பார்த்தேன்.
போன ஆடியில் பார்க்கிறேன்,
வயிரவன் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.
அவரிடமும் இல்லை.
முப்பது வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.
நான் வந்து சேரத்தான் இத்தனை நேரம்.

இப்போது ஆட்கள் வருகிறார்கள்,
கோயம்புத்தூரிலிருந்து, ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து.
பூட்டைத் திறக்குமுன்பே கேட்கிறார்கள்,
அந்தக் கதவு எது, அந்தக் கொல்லை எங்கே.
ஒன்றரைக் கோடிக்கு பூ அலங்காரம் செய்த
வரிசை எண் நாற்பதை
ஒருத்தரும் விசாரித்ததில்லை.

கதவு, கலை இயக்குநர் கொண்டுவந்து சாத்தியது.
வேலை முடிந்ததும் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்.
அது நின்ற இடத்தில் சுவர்.
சுவருக்குப் பின்னால் பங்காளி வீட்டுச் சுவர்.
வேம்பும் சைக்கிள் நின்ற நிழலும்
கோட்டையூரில் தனியாக எடுத்து ஒட்டியது.

இதைச் சொன்னால் யாரும் ஏமாந்துபோவதில்லை,
அதுதான் எனக்குப் புரியவில்லை.
சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.
போன வாரம் வந்தவள், வங்கியில் வேலையாம்,
கைப்பையைத் திறந்தாள், மூடினாள்,
எதிரில் யாரோ காத்திருப்பதுபோல
மறுபடி திறந்தாள்.

சந்தையில் வயிரவனைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்,
கடிதத்தைக் கொடுத்தீரா என்று.
கத்தரிக்காயைத் தட்டில் போட்டபடி சொன்னார்:
உள்ளே ஒண்ணுமில்ல ஆச்சி, வெறும் உறை.
மேலே ஒரு விலாசம் இருந்தது.
எந்த ஊருன்னு படிக்கறதுக்குள்ள
கட் சொல்லிட்டாங்க.

இன்றைக்கு ராத்திரி போட்டுப் பார்க்க வேண்டும்,
உறை திரும்புகிற இடத்தில்
எழுத்து தெரிகிறதா என்று.