முதல் வாரம், பணகுடி

லீக் தொடங்க இன்னும் இருபத்தோரு நாள்.
கையுறைக்குள் பழைய பனியன் துணி திணித்திருக்கிறேன்.
போன வருஷத்துச் சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை.

முப்பிடாதி ஓடிவருவது
காவல்கிணறு விலக்கில் நிற்காத பஸ்ஸைத் துரத்துவது போல.
அவன் கீழே விழுகிறான்,
பந்து ஏறிவிடுகிறது.

பீர்மைதீன் ஆறும் ஒரே இடத்தில்.
கல்யாண வீட்டில் இலை போடுகிறவன் கணக்கு.
பசியில்லாதவன்கூட உட்கார்ந்துவிடுவான்.

ஜெபஸ்டினுக்குத் தொப்பை.
"மூச்சு வாங்கலை வே, எதிர்க்காத்து" என்கிறான்.
காற்றாலை ஒன்றும் சுற்றவில்லை.
நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு இடதுகைப் பையன்,
ரோஸ்மியாபுரமாம், காலில் ஷூ இல்லை.
மெதுவாகத்தான் விட்டான்.
பந்து மேலே கொஞ்சம் நின்றது,
எதையோ மறந்தது போல,
பிறகு நான் நினைத்ததற்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது.
உடைமுள்ளுக்குள் போய்த் தேடி எடுத்து வந்தேன்.
அடுத்தது என் தலைக்கு மேலே போனது.
அதற்கடுத்தது பக்கத்து வலைக்கு.

"எப்படி வே பெயலுவ?" கேப்டன் கேட்டார்.
"முதல் வாரம்தானே" என்றேன்.

ராத்திரி ரசஞ்சோறு பிசையும்போது
உள்ளங்கை எரிந்தது:
முப்பிடாதி, பீர்மைதீன், ஜெபஸ்டின்கூட.
அந்தப் பையன் மட்டும் இல்லை.
அவன் பெயரையும் கேட்கவில்லை.