எத்தனை சதவீதம்

படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம்:
செயற்கை நுண்ணறிவின் பங்கு எத்தனை சதவீதம்?
பஸ்மினா அதை வெறுமையாக விட்டு
என் மடியில் போட்டாள்.
பஸ் காலி வீதியில் ஊர்கிறது.

ஏழாம் வகுப்பு. ஆறு கிழமைச் செயற்றிட்டம்.
"வெள்ளவத்தைக் கால்வாய்க் குப்பை எங்கே போகிறது?"
கேள்வியாவது எங்களுடையது என்றிருந்தேன்.
இல்லை, அது தந்த பத்தில் மூன்றாவது.

விடுதியில் மின்வெட்டு இரவு.
கைபேசி வெளிச்சத்தில் மூன்று முகங்கள்.
ஒரு வரி தட்டினோம்.
குழுப் பிரிப்பு, களப்பயணம், மதிப்பீட்டு அட்டவணை எல்லாம்
பிளேன்ரீ ஆறுமுன் வந்து விழுந்தன,
பெற்றோருக்கு ஒரு கடிதம்கூட.
கடிதத்தை மட்டும் மாற்றினோம்:
"பேரன்புடையீர்" என்றால்
இங்கே யாரும் மிச்சத்தை வாசிக்கமாட்டார்கள்.

இரண்டாம் கிழமை, நடவடிக்கை நான்கு:
மாணவர் மிதக்கும் போத்தல்களை எண்ணுவர்;
அவை கடலை அடையும் நேரத்தைக் கணிப்பர்.

பாலத்தடியில் முப்பத்திரண்டு பிள்ளைகள்.
ஹம்தான் எண்ணினான், துவாரகி குறித்தாள்.
பதினேழாவது போத்தல், மஞ்சள் மூடி,
நின்றது.
பிறகு மெல்ல, எதையோ மறந்துவிட்டாற்போல,
வந்த வழியே திரும்பியது.

"டீச்சர், கடல் வாணாமெண்டு திருப்பி அனுப்புது."

எனக்கு விடை தெரியவில்லை.
கையில் திட்டத்தாள் படபடத்தது.
பாணந்துறை ரயில் கத்திக்கொண்டு போனது.
முப்பத்திரண்டு பேரும் நானும்
ஒரு மஞ்சள் மூடியைப் பார்த்தபடி நின்றோம்.
ஒருவரும் பேசவில்லை.
ஏழு 'சி', பேசவில்லை!

அன்றிரவு அதனிடம் சொன்னோம்.
"சிறந்த அவதானிப்பு" என்றது. வற்றுப்பெருக்கு என்றது.
மூன்றாம் கிழமையை அந்தக் கணமே திருத்தித் தந்தது.
திருத்தம் நல்லதுதான்;
அதன்படிதான் காலையும் மாலையும் எண்ணினோம்.
ஆனாலும் அது ஒரு நொடிகூடத் திகைக்காததில்
எனக்குச் சின்னக் கோபம்.
"அதுக்குக் கால் நனையல்லயே" என்றாள் பஸ்மினா.

இப்போது கட்டம்.
நாற்பது என்று எழுதி வெட்டினேன்.
எழுபது, என்றாள் அவள்.
கணித ஆசிரியனாகப் போகிற கிருபாகரன்
பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தான்:
"சதவீதம் கேட்டா, முதல்ல எது நூறெண்டு சொல்லணும்."

ஓரத்தில், எழுதக்கூடாத வெள்ளையில் எழுதினேன்:
பாலத்தடி, பதினேழாவது போத்தல்,
அரை நிமிடம். சேர்க்கப்படவில்லை.

நான்கு மணிக்குக் கையளிக்க வேண்டும்.
பஸ் இன்னும் பம்பலப்பிட்டியில் நிற்கிறது.
கட்டத்துக்குள்
வெட்டிய நாற்பது.