நீங்களா விட்டனீங்களோ

தொழில் கந்தோரில் மின்விசிறி
என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
படிவம் பறக்கப் பார்க்கிறது.
முழங்கையால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளை
முதலில் இதைத்தான் கேட்டாள்:
"நீங்களா விட்டனீங்களோ,
அவை நிப்பாட்டினவையோ?"

இரண்டும் வேறுவேறு என்பது
பத்தொன்பது நாளாக
எனக்குத் தோன்றவே இல்லை.
வேலை இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

சுண்டுக்குளியில் மாடிவீடு, என்று தொடங்கினேன்.
பாரிசவாதம் வந்த சிவகடாட்சம் ஐயா.
இரண்டு வருசமும் நாலு மாதமும்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா
இடப்பக்கம், வலப்பக்கம்.
மூக்கால் போகும் குழாயில்
கஞ்சித்தண்ணி, அரைத்த குளிசை.
முதுகில் ஒரு புண் இல்லை.
இதை எழுதுங்கோ பிள்ளை.
ஒரு புண் இல்லை.

அவள் எழுதவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லைப் போல.

சுவரில் கமரா இருந்தது.
ரொறன்ரோவில் மகள் வதனா எழும்ப
எங்களுக்குப் பின்னேரமாகிவிடும்.
அந்தக் கமராவுக்குக் கண் உண்டு, காது இல்லை.
ஆனபடியால் அன்றைக்கு ஐயா
"கடிக்குது, கடிக்குது" என்றது
அதற்குக் கேட்கவில்லை.
வலக்கையைக் கட்டிலோடு கட்டியிருந்தது.
நல்ல கையைத்தானே கட்டுவார்கள்,
மற்றது தன்பாட்டில் கிடக்கும்.
வேட்டிக்கரை முடிச்சு,
இரவுக்கு வருகிற பெடியன் போட்டது.

அவிழ்த்தேன்.
மூக்கைச் சொறிந்தார்,
கன்னத்தைச் சொறிந்தார்,
கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் சொறிந்தார்.
நான் துவாய் எடுக்கத் திரும்பினேன்.
குழாயை இழுத்துவிட்டார்.

கமரா கண்டது அதைத்தான்.

ஆறரைக்குப் போன்:
"நாளைக்கு வர வேண்டாம்."
என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை.
மறுநாள் கோண்டாவிலிலிருந்து
மருமகன் முறையான ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து
பதினொரு நாள் காசை எண்ணித் தந்தார்.
கையெழுத்தும் வாங்கினார்.
காசுக்குத்தானே என்று போட்டேன்,
கண்ணாடி போடாமல்.

கார்பன் பிரதியை அந்தப் பிள்ளை
வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தாள்:
"எனது சொந்த விருப்பின் பேரில் விலகிக்கொள்கிறேன்."

அந்த வீட்டில்
என் சொந்த விருப்பின் பேரில் நான் செய்தது
ஒன்றே ஒன்று.
அந்த முடிச்சை அவிழ்த்தது.

"நியமனக் கடிதம்?"
இல்லை.
"சம்பளச் சிட்டை?"
இல்லை. கையில்தான் தருவார்கள், தபாலுறையில்.
"வேற ஏதாவது அக்கா?"

போனைத் திறந்து காட்டினேன்.
பிரசர் எவ்வளவு, சீனி எவ்வளவு,
சிறுநீர் எத்தனை மில்லி,
வயிற்றால் போனதா இல்லையா.
கொப்பியில் எழுதி ஒவ்வொரு இரவும்
படமெடுத்து அனுப்பச் சொன்னது வதனாதான்.
ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும்
அவளுடைய மஞ்சள் கட்டைவிரல்.
எண்ணூறுக்கு மேல் இருக்கும்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
"இதொண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ."

வெல்லுமோ, என்றேன்.
"தெரியாது அக்கா. வீட்டுக்குள்ள செய்யிற வேலைக்குச்
சட்டம் கொஞ்சம் மெல்லிசு.
ஆனா நியாய சபைக்கு எழுதலாம்.
பிழை உங்கள்லயே எண்டாலும்
உங்களைக் கேட்டிருக்க வேணும்."

கேட்டிருக்க வேணும்.
பஸ்ஸில் வரும்வழியெல்லாம்
அதைத்தான் மென்றுகொண்டு வந்தேன்.
பண்ணைக் காற்று கண்ணில் அடித்தது.
இத்தனை நாளும் என்னை நானே
குழாய் இழுத்த கள்ளியாக
விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆ, படிவம்.
'தொழில்' என்ற கட்டத்தில்
வீட்டுவேலை எண்டு போடுங்கோ, காணும் என்றாள்.
நான் பராமரிப்பாளர் என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
கடைசி இரண்டு எழுத்தும்
கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இரவு இரண்டு மணிக்கு
இன்றைக்கும் விழிப்பு வந்தது.
இப்போது அவருக்கு வலப்பக்கம்.