அக்கட்டால

எங்கள் கோலியின் பேர் மௌனிகா.
வீட்டில் யாரோ ஆசையாய் வைத்தது.
விசில் ஊதிவிட்டால் அவள் வாய் மூடாது.

"அக்கட்டால போ, அக்கட்டால! பதினொண்ணு ஓடுறா பாரு!"
"இக்கட்டால வாடி, வாய்க்கா வெட்டவா வந்தே?"
"நில்லு. நில்லுங்கறேன்ல. அவளே வருவா."

நான் வலது பேக்.
மூன்று வருசமாய் அவளுக்கு முன்னால் நிற்கிறேன்.
ஆட்டத்தில் அவள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
பந்து முன்னால், அவள் பின்னால்.
என் முதுகுக்குக் கண் அவள்தான்.

பாய்ந்து விழுந்து தடுத்தால் ஊரே கைதட்டும்.
காலை நீட்டிக் கிடப்பதைப் படம் எடுப்பார்கள்.
அவள் தடுத்ததில் பாதிப் பந்து
அவளிடம் வந்ததே இல்லை.
வட்டத்துக்கு வெளியிலேயே அவள் சொல்லில் இடறி
என் மட்டையில் விழுந்து
பக்கக்கோட்டைத் தாண்டிப் போய்விடும்.
அதற்குக் கைதட்டல் எனக்கு.

கால்காப்பு, நெஞ்சுக் கவசம், கூண்டு வைத்த தலைக்கவசம்.
பையைத் தூக்கினால் ஒரு சினை ஆட்டின் கனம்.
இடது காப்பின் வார் அறுந்தபோது
ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக் நாலு முழம்
கம்பெனியில் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டாள்.
திருப்பூர்ப் பிள்ளை வேறென்ன செய்வாள்.

உடுமலையில் ஆட்டம். ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய் வாயைப் பிளந்து வைத்திருந்தது.
மூலைக்கொடிகள் படுத்தே கிடந்தன.
முதல் பாதியில் காற்று அவள் முதுகில்.
எங்களைத் திட்டியதெல்லாம்
எதிர்முனைக் கோலிக்கும் கேட்டிருக்கும்.
ஒன்றுக்குப் பூஜ்யம், எங்கள் பக்கம்.

பிறகு பக்கம் மாறினோம்.
காற்று எங்கள் முகத்தில்.
பல்லில் புழுதி நறநறத்தது.
பின்னால்
ஒன்றுமில்லை.

கத்துகிறாள் என்று தெரியும்,
அவளால் கத்தாமல் இருக்க முடியாது.
கத்தியதையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு
தாராபுரம் பக்கமாய்ப் போயிற்று.
என் முதுகு எத்தனை அகலம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
எந்தப் பக்கமும் ஆள் வரலாம்.
வந்தார்கள்.
பதினொண்ணு ஓடினாள், நான் மூன்றடி தள்ளி நின்றேன்,
கோல் பலகை டமாரென்றது.

கடைசிப் பத்து நிமிசம்.
தாங்கமாட்டாமல் திரும்பிவிட்டேன்.
பந்தை விட்டுக் கண்ணை எடுக்கிறவளை
கோச் வெளியே உட்கார வைப்பார். தெரியும்.
கூண்டுக்குள் அவள் முகம்.
வியர்வையில் செம்மண் அப்பிய முகம்.
வாய் திறந்து திறந்து மூடுகிறது.
என்னை அவள் பார்க்கவில்லை.
என்னைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி,
நகர்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்தாள்.
அவள் பார்வை போன இடத்தில்
குருட்டாம்போக்கில் மட்டையைக் கிடத்தினேன்.
மணிக்கட்டு வரை அதிர்ந்தது.

அந்த ஒன்றைத் தடுத்தோம்.
அடுத்தது பெனால்டி கார்னர்.
முதல் அடியை அவள் காலால் தடுத்தாள்.
சரளைக் கல்லில் பட்டுப் பந்து எகிறி
என்னிடமிருந்து இரண்டடியில் விழுந்தது.
இரண்டடி.
எங்கே விழுந்தது என்று அவள் சொல்லியிருப்பாள்.
இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

பஸ் ஸ்டாண்டில் விரலைக் காட்டி டீ வாங்கினாள்.
தொண்டை சுத்தமாய்ப் போயிருந்தது.
பேருக்குப் பொருத்தமாய் இருந்த ஒரே சாயங்காலம்.
"உள்ளே ஆளாம்மா?" என்று பையைத் தட்டிப் பார்த்து
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.
தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் முன் சீட்டில்.
அவள் பையோடு எனக்குப் பின்னால்.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
குடிமங்கலம் நாலு ரோட்டில் பஸ் நின்றபோது
மட்டை நுனி ஒன்று
என் இடது தோளைத் தட்டியது.

சன்னல் பக்கமாய் நகர்ந்தேன்,
திரும்பிப் பார்க்காமல்.
கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறி வந்து
பக்கத்தில் உட்கார்ந்தாள்.