ஓரம்

பதினான்கு மில்லிமீட்டர்.
வீட்டுக்கு வந்து அளவுகோலில் பார்த்தேன்.
நூலக அட்டையில் தேதி முத்திரை விழும் கட்டம்
அதைவிடப் பெரிது.

கட்டியை மட்டும் எடுக்கலாம்,
முலையை முழுவதும் எடுக்கலாம் என்றார் டாக்டர் ஃபர்கர்சன்.
காகிதத்தைத் திருப்பி இரண்டு வட்டம் போட்டார்.
ஒன்றில் சின்னதாய் ஒரு பிறை குறைந்திருந்தது.
மற்றதை அடித்துவிட்டு
பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார்.
"எதைத் தேர்ந்தாலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான்.
முடிவு உங்களுடையது."
நல்ல செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.
இரண்டில் ஒன்று மோசம் என்றிருந்தால்
எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்.

ஆறு நாளாக வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கிறேன்.
யெல் தீவு, உன்ஸ்ட் தீவு, மறுபடி யெல்.
ஷெட்லாண்டின் நடமாடும் நூலகம்;
ஆயிரத்து இருநூறு புத்தகங்கள்
வளைவுகளில் என் முதுகுக்குப் பின்னால் சாய்கின்றன.
ஊசி குத்திச் சதை எடுத்த இடத்தைத் தேடிப்பிடித்து
சீட் பெல்ட் அழுத்துகிறது.

கடையில் கிர்ஸ்டன் குரலைத் தாழ்த்தினாள்:
"மொத்தமாக எடுத்துவிடு. நிம்மதியாகத் தூங்கு."
அவள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது.
கட்டியை மட்டும் எடுத்தால்
மூன்று வாரம் அபர்டீனில் கதிர்வீச்சு.
ஒரு ராத்திரி முழுக்கக் கப்பல்,
யாரோ ஒட்டிய பூப்போட்ட சுவர், ஒற்றைக் கோப்பை,
இங்கே குட்டி போடும் ஆடுகள் எல்லாம்
லௌரி தலையில்.

லௌரியைக் கேட்டேன்.
"உனக்கு எது சரியோ அது."
அன்பாகத்தான் சொன்னான்.
அந்த அன்பை எடுத்து
அவன்மேலேயே எறியலாம் போலிருந்தது.
இருபத்தாறு வருஷமாக
தூக்கத்தில் அவன் கை வந்து விழுவது அந்தப் பக்கம்தான்,
எதையும் கேட்காமல்.
இப்போது போர்வைக்கு மேலேயே நின்றுவிடுகிறது,
மதில்மேல் பூனை மாதிரி.

திரும்பி வரும் புத்தகங்களின் ஓரங்களை
நான்தான் சுத்தம் செய்வேன்.
பென்சில் கோடு, ஆச்சரியக்குறி,
'பொய்' என்று யாரோ, மீன் விலைக் கூட்டல்,
ஒருமுறை பதினோரு பக்கங்களுக்குத் தொடர்ந்த
ஒரு மன்னிப்புக் கடிதம்.
அச்செழுத்து கலையாமல் அழிக்கப் பழகிய கை இது.
டாக்டரும் ஓரம் என்றுதான் சொன்னார்:
"வெட்டியெடுத்ததன் ஓரம் சுத்தமாக இருக்கவேண்டும்.
இல்லையென்றால் இன்னொரு தரம் வெட்டவேண்டி வரலாம்."
மன்னிப்புக் கடிதத்தை
அழிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நேற்றிரவு குளியலறைக் கண்ணாடிமுன்
இடது முலையை உள்ளங்கையால் தட்டையாக அமுக்கி
அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.
பிடிக்காமல் இல்லை.
அவளும் வண்டி ஓட்டுவாள்,
படகுத்துறையில் சண்டை போடுவாள்.
கையை எடுத்தேன்.
ஒன்றும் தெரியாததுபோல்
அது தன் இடத்துக்கு வந்து அமர்ந்தது.
சிரிப்பு வந்துவிட்டது.
தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

இன்று வியாழன். நாலு மணிக்குள் சொல்லவேண்டும்.
படகுக்கு வரிசையில் நிற்கிறேன்.
காற்று வண்டியை ஆட்டுகிறது,
போனில் ஒரேயொரு கோடு சிக்னல்.
நர்ஸ் மோராக் எடுத்தாள்.

முழுவதும் எடுக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கப்பல், ஆடுகள், கிர்ஸ்டன், தூக்கம்,
காரணங்கள் எல்லாமே அந்தக் கட்சி.
"கட்டியை மட்டும்" என்றது என் குரல்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.
"ஓரம் சுத்தமாக இல்லையென்றால்?"
நான்தான் கேட்டேன்.
"அதை அப்போது பேசுவோம், ரோடா."
அப்போது.
திருப்பித்தர வேண்டிய தேதிபோல்
அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரும்புச் சத்தத்தோடு படகின் கதவு இறங்குகிறது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் கையசைக்கிறார்.
அக்கரையில் வில்லி ஸ்பென்ஸ் மழையில் நிற்பார்,
மூன்றாம் பாகம் வந்ததா என்பார்.
வரவில்லை.
பிரேக்கை விட்டேன்.
சரிவில் புத்தகங்கள் எல்லாம் ஒருசேர
முன்பக்கம் சாய்ந்தன.