தோடோடு ஒரு கணக்கு

பள்ளியாடி அண்டி ஆபீசில்
கணக்கெழுத வந்து பதினோரு வருஷம்.
எண்பது கிலோ மூட்டை
பருப்பாகி வெளியே வரும்போது இருபது சொச்சம்.
மீதி தோடு, தொலி, ஈரம், பொடி.
மூட்டை விலையைப் பருப்பு விலை என்கிறவனுக்கு
இங்கே யாரும் கடன் கொடுப்பதில்லை.

கொச்சியிலிருந்து காரில் வந்த பையன்
மாசம் பதினாலாயிரம்தான் என்றான்.
"சர்வரை மேகத்துல ஏத்திருவோம் சார்,
கரண்ட் போனாலும் கவலையில்ல."
வருகைப்பதிவு மெஷின் ஒன்றையும்
ஒரு மாசம் இலவசமென்று வாசலில் மாட்டினான்.
முதலாளி ததேயுஸ் அண்ணாந்து பார்த்தார்.
ஆடி மாசம். தகரத்தின்மேல்
பில் அனுப்பாத மேகம் ஒன்று
கொட்டிக்கொண்டிருந்தது.
"டெல்பின் பிள்ளே, எனக்கு முழுசாட்டு வேணும்.
மூணு வருஷத்துக்கு. தோடோட."

எழுதத் தொடங்கினேன்.
வாடகை டாலரில்.
ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறும் பச்சை அண்டியும் டாலரில்தான்;
ரூபாய் வழுக்கினால் இரண்டு காலும் ஒரே சேற்றில்.
உள்ளே வைக்கக் காசில்லை,
வெளியே எடுக்க ஜிபிக்கு இவ்வளவு.
மார்த்தாண்டம் சந்தையில்
நுழையத்தான் சீட்டு கிழிப்பார்கள்,
இவர்கள் திரும்பிப் போகக் கிழிக்கிறார்கள்.
இரண்டாவது இன்டர்நெட் லைன்,
முதல் லைனை மாசத்துக்கொருமுறை
ரோட்டு வேலை ஜேசிபி தின்றுவிடுவதால்.
அப்புறம் ஜிஎஸ்டி.
அப்புறம், சோதித்துப் பார்க்க
இரண்டே வாரம் என்று எடுத்த மெஷின்,
நாலு மாசமாக யாரும் அணைக்காமல்
எங்கோ ஓர் ஊரில்
ஆளில்லாத அறையின் ஃபேன்போல
சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.
அதைக் கண்ட மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
கையோடு அணைத்தேன்.

நியாயம் என்று ஒன்று உண்டல்லவா,
பழைய சர்வரையும் உடைத்துப் பார்த்தேன்.
பாய்லருக்குப் பக்கத்து அறை,
அதற்கென்றே ஒரு ஏசி,
சொல்லாமல் செத்துப்போகும் பேட்டரிகள்,
ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுத்
தக்கலையிலிருந்து பைக்கில் வரும் ஷாஜினின் பெட்ரோல்,
அவன் வாங்க மறுக்கும் கூலி.
ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரண்டில்லாத ராத்திரிகளில்
மெழுகுதிரி வெளிச்சத்தில்
சம்பளக் கணக்கு முடித்த என் கண்.
கண்ணுக்கு நேரே
கேள்விக்குறி போட்டேன்.

கூட்டினால்
இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ஸ்கூட்டர் விலை.
ஸ்கூட்டர் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை
டாலர்தான் சொல்ல வேண்டும்.

தாளோடு உடைப்பு ஷெட்டைக் கடந்து போனேன்.
நூறு கட்டைகளின் சத்தம்.
சாம்பலில் முக்கி முக்கி உடைக்கும் விரல்கள்,
தோட்டெண்ணெய் தின்று கறுத்தவை.
லில்லிபாய் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தாள்.
"வாசல் மெஷின்ல பத்து வெரலும் வச்சுப் பாத்தாச்சு.
எனக்க ரேகைய அது எடுக்கல்ல பிள்ளே.
மூணு நாளு ஆப்சென்ட்னு காட்டுது."
பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.
அவளுக்கு ஐந்து நாள்.

பதினோரு வருஷமாக
பருப்பின் விலையை நான்தான் போடுகிறேன்.
விறகு உண்டு, வண்டிக்கூலி உண்டு,
சாக்குத் தைக்கும் நூல்கூட உண்டு.
இந்த வரி
எந்தத் தாளிலும் இல்லை.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
"மொத்தம் எவ்வளவு?"
நடுவில் ஒரு வரிக்கு இடம்விட்டு
பென்சிலால் கோடு போட்டேன்.
"இன்னும் உடச்சுத் தீரல்ல" என்றேன்.