தமிழுக்கு இரண்டு

கொள்ளுப்பிட்டி, ஐந்தாம் மாடி, காப்புறுதிக் கம்பனி.
புதுத் தொலைபேசி பூட்ட வந்த நிலங்க
ஏணியில் நின்றபடியே கேட்டான்:
"மிஸ், தமிழ்க் குரல் ஒண்டு வேணும். ரெண்டு நிமிசம்."
கணக்குப் பிரிவில் நான் ஒருத்திதான் தமிழ்.

தாள் கட்டுகள் அடுக்கிய அறையில்
இரைச்சல் என்று ஏசியை நிறுத்திவிட்டு
வியர்த்து வியர்த்துச் சொன்னேன்:
தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
"கொஞ்சம் சிரிச்சுச் சொல்லுங்க" என்றான்,
ஒரு சொல்லும் விளங்காதவன்.

பிறகு பெட்டியின் வித்தைகள்.
வந்த அழைப்பைப் பிடித்து நிறுத்தலாம்.
நிறுத்தியதை இன்னொருவர் தலையில் கட்டலாம்.
ஐந்து பேரை ஒரே கம்பிக்குள் கூட்டிச்
சண்டை பிடிக்க விடலாம்.
தொந்தரவு வேண்டாம் என்றும் ஒரு பொத்தான்;
முகாமையாளர் அதைத்தான் முதலில் பழகினார்.
நட்சத்திரம், எட்டு அடித்தால்
எவர் மேசையில் மணியடித்தாலும்
என் மேசையில் இருந்தே எடுக்கலாமாம்.
துண்டுத்தாளில் குறித்து ஒட்டினேன், மறந்தேன்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம், பஸ்ஸுக்குள்,
இழுப்பறையைப் பூட்டினேனா என்று சந்தேகம்.
ஒபீசுக்கு எடுத்தேன்.
என் குரல்.
எவ்வளவு மரியாதை!
வீட்டில் ஒருவரோடும் நான் அப்படிக் கதைத்ததில்லை.
இரண்டை அழுத்தினேன்.
பியானோ. அதே நாலு வரி.
இடையிடையே நானே வந்து
நான் முக்கியம் என்று எனக்குச் சொன்னேன்.
பம்பலப்பிட்டி தாண்டியும் முக்கியம்,
வெள்ளவத்தை தாண்டியும்.
தெஹிவளைப் பாலத்தில் வெட்டுப்பட்டது.

மறுநாள் தேடினேன்.
பழைய பட்டியலைப் பார்த்துப் பூட்டியிருக்கிறான்.
இரண்டு போய்ச் சேர்வது 214க்கு,
214 யோகச்சந்திரனின் மேசை,
யோகச்சந்திரன் டொரண்டோ போய்ப் பதினாலு மாதம்.
மேசையில் பழுதான பிரிண்டர்,
போன வெசாக் கூட்டின் மூங்கில் சட்டம்.
அதற்கடியில் ஒரு சிவப்பு விளக்கு
இமைத்து இமைத்து இமைத்து.
குரற்பெட்டி நிறைந்துவிட்டது என்றது திரை.

நிலங்கவுக்கு எடுத்தேன்.
"ஃபோர்ம் ஒண்டு அனுப்புங்க மிஸ், மனேஜர் சைன் வேணும்."
மனேஜரின் பொத்தான் சிவந்திருந்தது.

பத்தே முக்காலுக்கு 214 அடித்தது.
நட்சத்திரம். எட்டு.
ஹலோ என்றேன். மூச்சு மட்டும்.
பின்னால் ஓர் ஓட்டோ, பிள்ளையொன்றின் இருமல்.
பிறகு ஒரு பெண், கவனமாக:
"நீங்க அந்த மெஷினா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அதே குரல். என்ன சொல்ல?
"ஓம், அதுதான். சொல்லுங்கோ."

"பஸ்லியா. மாளிகாவத்தை.
பாலிசி நம்பர் எனக்கு இப்ப பாடம்."
ஒன்பது, சைபர், சைபர், நாலு
என்று தொடங்கிவிட்டாள்.
பேனை கிடைக்கவில்லை.
"திரும்பச் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னாள்,
மெஷினுக்குச் சொல்வதுபோல,
ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி.